"அவருக்கு என்ன வேணுமாம்?": மருந்துக்கடை கவுண்டரில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

கோத்தகிரியில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து 19 வருஷம் ஆகிறது. என் தங்கை பிறவியிலேயே காது கேளாதவள். இந்த இரண்டு காரணத்தாலும், காது கேளாதவரிடம் எப்படிப் பேசுவது, பக்கவாதம் வந்தவர் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம் வந்து நிற்பார்கள். கடைப் பையன்கள், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், மினி பஸ் கண்டக்டர், ஃபேக்டரி சூப்பர்வைசர், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாரும் உண்டு. கேட்கிற கேள்வி மட்டும் அநேகமாக ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. வைத்தியம் சம்பந்தப்பட்டதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இவங்களை என்னன்னு சொல்றது? ஆளுக்கொரு வார்த்தை சொல்றாங்க.

பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் அண்ணா, அக்கா, ஐயா, அம்மா. மற்றவர்களை எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படியே. பொதுவாகக் குறிப்பிட வேண்டிய இடத்தில் 'மாற்றுத்திறனாளி' என்று சொல்லலாம். 'ஊனமுற்றோர்' என்று எழுதிவந்த அரசுத் தாள்களில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் கலைஞர் கருணாநிதி, முதல்வராக இருந்தபோது. குறிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் காது கேளாதவர், பார்வையற்றவர் என்று சொன்னால் போதும். 'ஊமை' வேண்டாம். காது கேளாதவர்களில் பெரும்பாலோருக்குத் தொண்டையில் ஒரு கோளாறும் இருக்காது. என் தங்கை சிரித்தால் தெருமுனை வரை கேட்கும்.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அது 21 ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், கூடலூர் பக்கம் பழங்குடி மக்களிடம் காணப்படும் சிக்கிள் செல் ரத்தசோகை எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் பாதி வெளியே தெரியாது. "பாத்தா நல்லாத்தானே இருக்கார்" என்று வாய்விடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் அதே சட்டத்தின் 92-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை உண்டு. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கூட ஒருத்தர் வந்திருக்காங்க. நான் யாரைப் பாத்துப் பேசணும்?

யாருக்கு மருந்தோ அவரை. எல்லாக் கடையிலும் நடக்கிற தப்பு இது, என் கடையிலும் நடந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் ஒரு அம்மா, பின்னால் தள்ளிக்கொண்டு வந்த மகன். நான் மகனிடம், "அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டேன். அந்த அம்மா மணிக்கட்டைத் தூக்கி என் முன்னால் விரலைச் சொடுக்கி, "தம்பி, எனக்குக் கால்தான் வராது. மருந்துச்சீட்டை நானே படிப்பேன்" என்றார். அப்புறம் அந்த வாக்கியம் என் வாயில் வரவே இல்லை.

சைகை மொழிபெயர்ப்பாளரோ, சொல்வதைத் திருப்பிச் சொல்கிற மகளோ கூட இருந்தாலும் இதேதான். கண் உரியவர் மீது இருக்கட்டும். "அவருக்கு ராத்திரி ஒண்ணு கொடுங்க" என்பதைவிட "நீங்க ராத்திரி ஒண்ணு போடுங்க" என்பதே சரி. நாற்காலியில் இருப்பவரோடு நாலு வார்த்தைக்கு மேல் பேச்சு நீண்டால் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தே பேசினால் அவர் கழுத்து வலிக்கும். நாற்காலிப் பிடியில் சாய்ந்து நிற்காதீர்கள், அது அவர் உடம்பு மாதிரி. நம் ஊர்ச் சரிவில் தள்ளிவிட வேண்டுமென்று தோன்றினால் முதலில் கேளுங்கள். இறக்கம் செங்குத்தாக இருந்தால் நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கச் சொல்வார். அதற்குக் காரணம் உண்டு, முன்பக்கமாக இறக்கினால் சறுக்கி விழுவார்.

காது கேக்காதவங்ககிட்ட சத்தமா பேசினா கேட்டுடும்ல?

பெரும்பாலும் கேட்காது. வயதாகிக் காது மந்தமானவர்களுக்கு முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். ச, த, ப மாதிரி எழுத்துகளின் ஓரம் மழுங்கிவிடும். கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெரிதாகும், மழுங்கினது மழுங்கினபடியே இருக்கும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்று தாத்தாக்கள் சொல்வது அதனால்தான். கத்துகிற முகம் கோபமான முகமாகவும் தெரியும்.

பக்கத்தில் வாருங்கள், முகத்துக்கு நேராக நில்லுங்கள், வழக்கமான குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். மிக்ஸி, டிவி, வெளியே நிற்கிற ஜீப் என்ஜின், இவற்றில் எதை நிறுத்த முடியுமோ அதை நிறுத்துங்கள். ஒரு தடவை புரியவில்லையென்றால் அதே வாக்கியத்தையே மூன்றாம் தடவை சொல்லாமல் வார்த்தையை மாற்றுங்கள். "வெறும் வயித்துல" புரியவில்லையா? "சாப்பிடறதுக்கு முன்னாடி."

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது நமக்குக் காது அடைக்குமே, "அந்த மாதிரிதானே இருக்கும்" என்று ஒருவர் கேட்டார். இல்லை. அது கொட்டாவி விட்டால் திறந்துகொள்ளும்.

உதட்டைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்குவாங்களாமே?

சினிமாவில் அப்படித்தான். நிஜத்தில் கொஞ்சம் பார்க்கிறார்கள், மீதியை ஊகிக்கிறார்கள். தமிழில் பாதி எழுத்துகள் வாய்க்குள்ளேயே பிறக்கின்றன. க, ங வெளியே தெரியாது. ல, ழ, ள மூன்றும் வெளியே ஒன்றுதான். பணம், மணம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். பேச்சு வழக்கில் சொல்கிற 'அம்பது', 'எம்பது' இரண்டையும் கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். என் தங்கை இந்த இரண்டு எண்களுக்கு இடையில் நிறையப் பணத்தை விட்டிருக்கிறாள்.

அதனால் எண், தேதி, வேளை, பஸ் நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஃபோனில் தட்டிக் காட்டினாலும் சரி. பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் கறுப்பு நிழல்தான். நம் ஊரில் இன்னொரு வில்லன் மப்ளர். வாய் வரை சுற்றிக்கொண்டு பேசுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் ஊரில் பாதிப் பேர். ஒரு நிமிஷம் இறக்கிவிட்டுப் பேசுங்கள், ஜலதோஷம் பிடித்துவிடாது.

தாத்தா காது மெஷின் குல்லா போட்டா விசில் அடிக்குது. ரிப்பேரா?

குளிர்காலத்தில் மாதம் நாலு பேராவது கேட்கிற கேள்வி. பெரும்பாலும் ரிப்பேர் இல்லை. குல்லா மெஷினை அழுத்தி மூடும்போது அது வெளியே விடுகிற சத்தமே திரும்ப அதன் மைக்குக்குள் போகிறது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கூவுமே, அதேதான். குல்லாவைக் காதுக்கு மேலே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். அப்படியும் கூவினால் காது அச்சு பொருந்தாமல் தளர்ந்திருக்கலாம், அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கலாம்.

நம் பனிமூட்டமும் ஈரமும் மெஷினுக்கு எதிரி. ராத்திரி கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். அடுப்பு மேலே காய வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், வேண்டாம். மெஷின் போட்டவுடன் எல்லாம் பழையபடி கேட்கும் என்றும் நினைக்காதீர்கள். ஓரிரு மீட்டருக்குள் முகம் பார்த்துப் பேசும்போதுதான் அது நன்றாக உதவும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டு "மெஷின் போட்டும் கேக்கலையா" என்று கேட்பது நியாயமில்லை.

சைகை மொழி உலகம் முழுக்க ஒண்ணுதானே?

இல்லை. அமெரிக்காவுக்கு ஒன்று, பிரிட்டனுக்கு வேறொன்று, நமக்கு இந்திய சைகை மொழி. ஆங்கில எழுத்துகளை அமெரிக்கர்கள் ஒரு கையால் காட்டுவார்கள், நம்முடையதில் இரண்டு கை வேண்டும். ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறினாலும் இலக்கணம் பொதுவானது. கேள்விச் சொல் கடைசியில் வரும், வினையும் கடைசியில்தான். "உன் பேர் என்ன" என்ற வரிசை அப்படியே நம் தமிழ் வரிசை. டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015-இல் தொடங்கியது. அவர்கள் வெளியிட்ட அகராதியை வீடியோவாகவே பார்த்துப் படிக்கலாம். இலவசம்தான்.

முகமும் மொழியின் பகுதி. புருவத்தைத் தூக்கினால் ஆமா-இல்லை கேள்வி. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால் ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுகிற மாதிரி. வீட்டுச் சைகை என்பது வேறு. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மூக்குத்தியைத் தொடுவோம், எனக்குக் கன்னத்தில் ஒரு தட்டு, சின்ன வயதில் நான் வாங்கிய அறையின் ஞாபகமாக. அதை வைத்துக்கொண்டு வெளியூரில் ஒரு டீகூட வாங்க முடியாது. தங்கை சமவெளியில் ஒரு பள்ளிக்குப் போய் நிஜ மொழி கற்று லீவுக்கு வந்தபோது, அவள் பேசுகிற வேகத்துக்கு வீட்டில் யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. காது கேளாதவர்கள் நாங்கள்தானோ என்று அந்த 10 நாள் தோன்றியது.

பேரைக் கூப்பிட்டா திரும்ப மாட்டாங்களே, எப்படிக் கூப்பிடறது?

அவர் பார்வை படுகிற இடத்தில் கையை அசையுங்கள். அல்லது தோளில் மெதுவாகத் தொடுங்கள். லைட்டை ஒருமுறை அணைத்துப் போடலாம். பலகைத் தளம் போட்ட பழைய வீடாக இருந்தால் காலால் ஒரு தட்டு தட்டினாலே அதிர்வு போய்ச் சேரும். பொருளைத் தூக்கி எறிந்து கூப்பிடுகிற பழக்கத்தை விடுங்கள்.

ராத்திரி கரண்ட் போயிட்டா?

டார்ச்சை உங்கள் முகத்திலும் கையிலும் அடித்துக்கொண்டு பேசுங்கள். எதிராளியின் கண்ணில் அடித்தால் அவருக்கு உள்ளதும் தெரியாமல் போகும். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து 2 நாள் இருட்டில் கிடக்கிற ஊர் நம்முடையது. காது கேளாதவர் இருக்கிற வீட்டில் தலைமாட்டில் ஆளுக்கொரு டார்ச் இருப்பது நல்லது.

கண்ணு தெரியாதவருக்கு உதவி பண்ணணும்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?

நீங்கள் அவர் கையைப் பிடிக்கக் கூடாது, அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை எட்டு முன்னால் நடங்கள். உங்கள் உடம்பு ஏறுகிறதா, இறங்குகிறதா, திரும்புகிறதா என்பது அவருக்குக் கை வழியாகவே தெரிந்துவிடும். ஊன்றுகோல் கையைத் தொடாதீர்கள், அது அவர் கண். முதலில் பெயரைச் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள், போகும்போது "நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலியான இடத்தோடு அவரைப் பேச விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நம் ஊரில் சமதளம் குறைவு, படி அதிகம். படி வந்தால் "படி" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் படியில் ஒரு நொடி நில்லுங்கள். தேயிலைக்கு நடுவில் போகிற ஒற்றையடிப் பாதை மாதிரிக் குறுகல் வந்தால் உங்கள் கையைப் பின்னால் மடக்கினால், அவர் உங்களுக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். பாசி பிடித்த கல், சாக்கடைப் பிளவு, தாழ்ந்த தகரக் கூரை இவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். தகரக் கூரை ஓரம் ஊன்றுகோலுக்குச் சிக்காது, நேராக நெற்றிக்குத்தான் வரும்.

"அங்க இருக்கு", "இந்தப் பக்கம்" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "உங்க வலது கைக்கு ஒரு முழம் தள்ளி டம்ளர், சூடா இருக்கு." தட்டில் சாப்பாடு வைத்தால் கடிகாரக் கணக்கு நன்றாக வேலை செய்யும்: 12 மணிக்குச் சாதம், 3 மணிக்குப் பொரியல், 9 மணிக்கு ஊறுகாய்.

மாத்திரையை எப்படி வேற வேறன்னு அவங்களுக்கே தெரியற மாதிரி கொடுக்கறது?

ரப்பர் பேண்ட். காலை மாத்திரைக்கு ஒன்று, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு. அட்டையின் மூலையை வெட்டியும் அடையாளம் வைக்கலாம், ஆனால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை வெட்டிவிடாதீர்கள். அவர் கையில் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொல்லி, அவர் வாயாலேயே "இது ராத்திரி" என்று சொல்ல வையுங்கள். சிரப் மூடியில் ஒரு துளி ஃபெவிகால் காயவைத்து அடையாளம் வைக்கிற ஒருவர் கட்டபெட்டிலிருந்து வருவார், அந்த யோசனை அவருடையதே.

சில்லறை கொடுக்கும்போது நோட்டை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையில் வையுங்கள். நோட்டில் தடவிப் பார்க்கக் குறி உண்டு, 100-க்கு முக்கோணம், 500-க்கு வட்டம். நைந்த நோட்டில் அது தேய்ந்துபோயிருக்கும். ரிசர்வ் வங்கி 2020-இல் விட்ட மணி என்ற ஆப்பில் கேமரா வழியே காட்டினால் எத்தனை ரூபாய் நோட்டு என்று ஃபோனே சொல்லும்.

வாய் தவறி "பாத்துப் போங்க"ன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்குவாங்களா?

மாட்டார்கள். பார்வையற்றவர்களே "நேத்து மேட்ச் பாத்தேன்" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பதறி மன்னிப்புக் கேட்பதுதான் சங்கடம். பழமொழிகள் வேறு கதை. "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பதை ஒரு மீட்டிங்கில் சொல்லிவிட்டு, முன்வரிசையில் இருந்த காது மெஷினைப் பார்த்து நாக்கைக் கடித்த ஒருவரை எனக்குத் தெரியும். பழமொழி இல்லாமலே திட்டத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமா?

திக்கித் திக்கிப் பேசறவருக்கு நான் வார்த்தையை எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. "பதறாம பேசுங்க", "மூச்சை இழுத்து விடுங்க" இவையும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் திக்கல் கூடத்தான் செய்யும். முகத்தைப் பார்த்து, வாக்கியம் முடியும்வரை சும்மா இருங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டினால் அவரை வேண்டுமானால் அவசரப்படாதீர்கள் என்று சொல்லுங்கள். பஸ்ஸில் இறங்கும் ஊர்ப் பெயர் வராமல் தவிக்கிற பையனுக்கு இருக்கிற பயம் நமக்குத் தெரியாது. சிலர் சொல்ல வருகிற பெயரை விட்டு, சொல்ல முடிகிற ஸ்டாப்புக்கே டிக்கெட் எடுத்து, மீதி தூரம் நடக்கிறார்கள்.

பேச்சு குழறலா இருக்கு, பாதி புரியல. தலையாட்டிடலாமா?

புரியாமல் தலையாட்டுவது பொய்தான். மூளை முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு வாய்த் தசைகள் சொன்னபடி கேட்காது, அறிவு சரியாகவே இருக்கலாம். நீங்கள் தலையாட்டியது புரிந்தா, தப்பிக்கவா என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். "மன்னிச்சுக்கோங்க, முதல் பாதி புரிஞ்சது, 'நாளைக்கு'க்கு அப்புறம் புரியல" என்று எது புரிந்ததோ அதைச் சொல்லி மீதியைக் கேளுங்கள். முழுவதையும் திரும்பச் சொல்ல வைப்பதைவிட இது அவருக்கு லேசு. 5 நிமிஷம் பழகினால் உங்கள் காது அவர் உச்சரிப்புக்குப் பழகிவிடும்.

தலையாட்டல் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். காது மந்தமானவர்கள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ஆட்டிவிடுவார்கள். அதனால் நான் "புரிஞ்சதா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "ராத்திரி எத்தனை போடுவீங்க?" என்று கேட்பேன்.

பக்கவாதம் வந்த அப்பா எல்லாத்துக்கும் "ஆமா"ங்கிறார். எது நிஜம்?

பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடிபட்டால் வலது கை கால் விழுவதோடு பேச்சும் போகும். நாக்கு வராததால் இல்லை, வார்த்தையே கைக்கு எட்டாததால். 'வேண்டாம்' என்று நினைத்து 'ஆமா' என்று வரும், மகனைப் பார்த்து மனைவி பெயர் வரும். தாளும் பேனாவும் கொடுத்தாலும் பலருக்கு உதவாது, எழுத்தும் அதே மொழிதானே. ஆனால் ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார். அவரைச் சின்னப்பிள்ளை மாதிரிக் கொஞ்சிப் பேசாதீர்கள், அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

"என்ன சாப்பிடறீங்க?" என்று விரிந்த கேள்வி கேட்காமல், இட்லியையும் தோசையையும் நிஜமாகவே கையில் காட்டிக் கேளுங்கள். கட்டைவிரல் மேலே, கீழே என்று ஒரு அடையாளம் பேசி வையுங்கள். பிறகு கேள்வியைத் திருப்பியும் கேளுங்கள்: "தோசை வேணுமா?" என்பதற்கும் "தோசை வேண்டாமா?" என்பதற்கும் ஒரே 'ஆமா' வந்தால் கட்டைவிரலையும் கண்ணையும் நம்புங்கள். ஒரு கேள்விக்கு 10 வரை மனதில் எண்ணிக் காத்திருங்கள். பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும், திட்டு வரும். "திட்ட மட்டும் தெரியுது, பேசத் தெரியாதா" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். அவை மூளையில் வேறு வழியாக வருகிறவை.

ஒரு எச்சரிக்கை. இதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொங்கினாலோ உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மலையிலிருந்து இறங்குகிற நேரமும் அதில்தான் கழியும். காலைவரை பார்க்கலாம் என்று கஷாயம் வைக்காதீர்கள்.

பாட்டிக்குத் தமிழே மறந்துபோச்சு, படகு (படகர்களின் மொழி) மட்டும்தான் பேசறாங்க. அதோட, செத்துப்போன தாத்தா எப்ப வருவார்னு கேக்கறாங்க. பொய் சொல்லலாமா?

மறதி நோயில் பின்னால் கற்ற மொழி முதலில் மறந்துபோவதுண்டு. சின்ன வயதில் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பேசிய படகு கடைசிவரை நிற்கும். பேரப்பிள்ளைகள் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன், பெரியவர்கள் மனதளவில் கண்டி எஸ்டேட்டுக்கே போய்விடுகிறார்கள். பேசப் போகும்போது முன்பக்கமாகப் போய், "நான் உங்க பேரன்" என்று நீங்களே சொல்லுங்கள். "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று விருந்தாளிகள் முன் பரீட்சை வைப்பது கொடுமை.

தாத்தா விஷயம். ஒவ்வொரு முறையும் "செத்துட்டார்" என்றால், அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. "இதோ வந்துடுவார்" என்றால் வாசலிலேயே குளிரில் உட்கார்ந்துவிடுவார். நான் சொல்வது மூன்றாவது வழி: "தாத்தா ஃபேக்டரியிலேருந்து வந்தா முதல்ல என்ன கேப்பார்?" பேச்சு காப்பிக்குப் போகும், பாட்டி காப்பி போட எழுந்துகொள்வார். எப்போதும் பலிக்காது. பலிக்காத நாளில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவதைத் தவிர வழியில்லை.

பையன் கண்ணைப் பாக்க மாட்டேங்கிறான், கேட்டதையே திருப்பிச் சொல்றான். மரியாதை இல்லையா?

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒருவர் கண்ணைப் பார்ப்பதும் அவர் சொல்வதைக் கேட்பதும் ஒரே நேரத்தில் முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னதை முழுசாக வாங்கியிருப்பான். முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். "தண்ணி வேணுமா?" என்றால் அவனும் "தண்ணி வேணுமா" என்பான், அவன் கணக்கில் அது "வேணும்". தண்ணீரைக் கொடுங்கள், கொடுக்கும்போது "தண்ணி வேணும்" என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள்.

வார்த்தையைச் சுற்றி வளைக்காதீர்கள். "ஒரு நிமிஷம் இரு" என்றால் 61-ஆம் நொடியில் கவுண்டரைத் தட்டுவான், தப்பு நம்முடையது. "இந்த அண்ணாவுக்குக் கொடுத்துட்டு அடுத்தது உனக்கு" என்றால் நிற்பான். சத்தம் இன்னொரு பிரச்சினை. கொண்டை ஊசி வளைவில் அடிக்கிற ஏர் ஹாரனும் குன்னூர் ஸ்டேஷனில் நீராவி என்ஜின் விடுகிற கூவலும் நமக்கு வேடிக்கை, சிலருக்கு அடி விழுகிற மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கேள்வி கேட்காதீர்கள், தொடாதீர்கள், கூட்டத்தை விலக்குங்கள். அடங்கியபின் பேசிக்கொள்ளலாம்.

மொழியும் தெரியல, காதும் சரியா கேக்கல. அப்ப?

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகமும் இருக்கிற மாவட்டம் இது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு. எஸ்டேட்டில் ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை உறையில் சூரியன், தட்டு, நிலா என்று படம் போட்டு, அதன் பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கைக்குப் புள்ளி வைக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், தமிழ் தெரியாதவர், காது கேளாதவர் மூவருக்கும் அந்த ஒரே உறை போதும்.

உடல்மொழியிலும் இந்த ஊருக்கு ஒரு சிக்கல். குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி, உதட்டை இறுக்கி நிற்போம். கீழே இருந்து வருகிறவருக்கு அது முறைப்பாகத் தெரியும். முகத்தை மட்டுமே நம்பியிருக்கிற காது கேளாதவருக்கு இன்னும் அதிகமாக. கையைச் சால்வையிலிருந்து வெளியே எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

கடையில கூட்டம். காது கேக்காத பெரியவருக்கு என்ன மருந்துன்னு கத்திச் சொன்னா எல்லாருக்கும் தெரியுமே?

இது எனக்கே நடந்தது. மூலத்துக்கு மருந்து, நான் கத்திய கத்தலில் எதிர்க்கடை வரை கேட்டுவிட்டது. அந்த மனிதர் அதற்குப் பிறகு குன்னூருக்குப் போய் மருந்து வாங்கினார் என்று பின்னால் தெரிந்தது. இப்போது கவுண்டரில் ஒரு சின்ன ஸ்லேட் வைத்திருக்கிறேன். எழுதிக் காட்டி, அவர் படித்ததும் அழித்துவிடுவேன். கூட வந்தவர் முன்னால் சொல்லலாமா என்பதையும் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மகளாக இருந்தாலும் மனநல மாத்திரையை அவள் முன் விளக்கச் சிலருக்கு விருப்பம் இருக்காது.

நல்லதுக்குத்தான் உதவப் போனேன், எரிஞ்சு விழுந்துட்டாங்க.

அன்றைக்கு அவருக்கு உதவிய ஆறாவது ஆளாக நீங்கள் இருந்திருப்பீர்கள். "வேண்டாம்" என்றால் "சரி" என்று நகர்ந்துவிடுங்கள். அதற்காக அடுத்த ஆளிடம் உதவி வேண்டுமா என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள். அப்புறம், மாற்றுத்திறனாளி என்பதால் ஒருவர் சாந்தமாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்கோபிகள் எல்லா வீட்டிலும் உண்டு.

உங்க தங்கச்சி இதைப் படிச்சாங்களா? என்ன சொன்னாங்க?

படித்தாள். பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு இடத்தில் கோடு போட்டாள். முதலாவது, உதட்டைப் பற்றிய பதிலில் எழுதிக் காட்டச் சொன்ன இடம். பிறவியிலேயே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகைதான், எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. வேற்றுமை உருபும் வினைமுற்றும் குவிந்த நீளமான வாக்கியம் அவர்களைப் பள்ளிக்கூட வகுப்பறைக்கே திருப்பி அனுப்பிவிடும். "சாப்பாடு. பிறகு 1 மாத்திரை." இப்படி எழுதச் சொல்கிறாள். நான் ஒருமுறை வங்கிக் கடன் விஷயமாக 2 பக்கம் எழுதி அவள் கையில் கொடுத்ததையும் நினைவுபடுத்தினாள்.

இரண்டாவது, கூப்பிடுவது பற்றிய பதிலில் 'தோளில் மெதுவாகத் தொடுங்கள்' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா. அதற்குப் பக்கத்தில் அவள் கைப்பட எழுதியது: "ஜனவரி. கை ஐஸ். கழுத்து வேண்டாம்."